கட்டிங் மாஸ்டரின் கேமரா

"இதையும் திருப்பிக் கொண்டாந்துட்டீங்களாண்ணே?" என்றார் கேமராக் கடை வைத்திருக்கும் அந்தோணிராஜ்.

"ஓடறதை நல்லாப் புடிக்குதுங்க. ஊட்டுக்காரியைத்தான் பத்து வயசு கூட்டிக் காட்டுது," என்றார் சசிகுமார்.

முந்தைய கேமரா நேர்மாறு. மனைவி கீதாஞ்சலியைப் புதுப்பெண்ணாகக் காட்டியது; ஓடுகிற மகளைக் கேட்டால் சடையை மட்டும் காட்டியது.

சசிகுமார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாம்பிள் ஓகே ஆகாமல் துணியில் கத்தி வைக்க மாட்டார். கேமராவுக்கும் அதே சட்டம்தான். அந்தோணிராஜும், பாவம், ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்.

"போன்லயே எடுக்கலாமேண்ணே?"

சசிகுமார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கூடவே கொஞ்சம் பஞ்சும் மேசையில் உதிர்ந்தது.

"போன வருச மேட்ச் பாருங்க. மகளா பனிமூட்டமான்னே தெரியல. அடுத்த வருசம் பிளஸ் டூ, வெளையாட்டெல்லாம் கெடையாது. நாளைக்குக் கோகோ ஃபைனல்தான் கடைசி. தமிழ்மதி பாஞ்சு தொடற மாதிரி ஒரே ஒரு போட்டோ வேணுங்க."

அந்தோணிராஜ் கடையிலேயே பெரிய கேமராவைத் தூக்கிக் கொடுத்தார்.

மறுநாள் மைதானத்தில் அதை உயர்த்தியதுமே பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, அந்தப் பீரங்கியைக் கொஞ்சம் எறக்குங்க."

இறக்கிக்கொண்டு ஓரமாகப் போனார். கோட்டை மிதித்தார் என்று நடுவர் விரட்டினார். எதிர்ப்பக்கம் போனார். அங்கே வெயில் கண்ணைக் குத்தியது. ஒருவழியாக வேப்பமரத்தடியில் கால் ஊன்றி, தமிழ்மதி களமிறங்கியதும் பொத்தானை அமுக்கினார். கார்டு இல்லை என்றது கேமரா.

"கார்டு எங்கீங்க?" என்றாள் கீதாஞ்சலி.

"சாம்பிள் பாக்கறதுக்குக் கம்ப்யூட்டர்ல சொருகுனேன். அங்கயே இருக்குது."

போனை அவள் மடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். முதல் கடை பூட்டியிருந்தது. இரண்டாவதில் வேறு சைஸ்தான் இருந்தது. மூன்றாவதில் வாங்கிக்கொண்டு திரும்பியபோது தமிழ்மதியைத் தோழிகள் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி நொடியில் அவள் பாய்ந்து தொட்டுத்தான் ஜெயித்தார்களாம்.

சசிகுமார் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ற கண்ணு பாஞ்சதை நான் நேர்லகூடப் பாக்கலியே."

"இங்க பாருங்க, டீம் குரூப்ல வந்துருக்குது," என்று கீதாஞ்சலி தன் போனை நீட்டினாள்.

தமிழ்மதி தரைக்கு மேலே படுத்த வாக்கில் பறந்தாள். விரல்நுனி எதிராளியின் முதுகில். பல்லைக் கடித்தது தெரிந்தது, புழுதி தெரிந்தது. பின்னால், கை தட்டியபடி கீதாஞ்சலி. பத்து வயது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சசிகுமாருக்குக் கண் கலங்கியது.

"ஓட்டமும் ஓகே, குடும்பமும் ஓகே. இது என்ன கேமரா? எந்த ஊர்ல வித்தாலும் இதையே வாங்கறேன்."

"எடுத்த டீச்சரையே கேளுங்க," என்று கீதாஞ்சலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

தமிழ்மதியின் விளையாட்டு ஆசிரியை, விருதுநகர்ப் பக்கத்துக்காரரான விஜயராணி ஒரு போனைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"உங்க போனுதான் சார். இவங்கதான் எடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. லென்ஸ்ல பஞ்சு அப்பிக் கெடந்துச்சு, தொடச்சிட்டு எடுத்தேன்."