ஐந்து டாக்டர்கள் பார்க்கப்போகும் வாய்

மின்ஷியோங்,
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய பல் டாக்டர் கூ அம்மா அவர்களுக்கு,

உங்களிடம் பயிற்சியில் இருக்கும் பெய்-ஷானின் தாத்தாவும், செவ்வாய்தோறும் உங்கள் ஏழாம் எண் நாற்காலியில் வாய் பிளந்து கிடப்பவனுமான லியாவ் சுய்-லாய் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமா? போன மாதம் பதினொன்றாம் தேதி, என் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டீர்களே, அந்த வலி குறைந்ததா? எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஜியென். முப்பத்தெட்டு வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்தவர், ஒன்றையும் எழுதியவர் அல்ல. பிழை இருந்தால் அவருடையது. பதில் மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு வரும் கடிதங்களை எல்லாம் படித்துச் சொல்கிறவள் பெய்-ஷான்தான்.

டாக்டரம்மா, நடந்ததைச் சொல்லுமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை அவள் தேறாமல் போனால் குற்றம் அவளுடையது அல்ல, என்னுடையது. பல் கல்லூரியில் பட்டம் வாங்கியவள் நேரே கடை போட்டு உட்கார்ந்துவிட முடியாது, இரண்டு வருஷம் பெரியவர்கள் கண் முன்னால் அடைப்பதும் பிடுங்குவதும் வேர் சுத்தம் செய்வதும் பல் கட்டுவதுமாக எல்லாவற்றையும் செய்து பழக வேண்டும், கடைசியில் ஒரே ஆளின் வாயை முதலிலிருந்து முடிவுவரை தானே சீர்செய்து ஐந்து டாக்டர்களுக்குக் காட்ட வேண்டும் என்றெல்லாம் அவள் சொன்னபோது, "என் வாய் போதுமா கண்ணு?" என்றுதான் கேட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தவள், "தாத்தா, இவ்ளோ கெட்டுப்போன வாய் எங்க பிரிவுலயே யாருக்கும் கெடைக்கல" என்று கைதட்டினாள். எனக்கு எவ்வளவு பெருமை! எந்தப் பல் எப்போது போனது என்று கேட்டாள். சொன்னேன். பெருவெள்ளம் வந்த வருஷம் ஒன்று, கரும்பு லாரி கவிழ்ந்த அன்று இரண்டு, என் தம்பி கல்யாணப் பந்தியில் வாத்து எலும்பால் ஒன்று. மூன்று தாள் நிரம்பியதும் நீங்கள் வந்து, "பல்லக் கேட்டா ஊர்ச் சரித்திரம் சொல்றீங்களே" என்றீர்கள். எட்டு மாதம் ஒரு செவ்வாயும் தவறாமல் வந்தேன். ஒவ்வொரு படிக்கும் நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த படி. இடது கீழ்ப்பல்லைச் சீவி அதன்மேல் அவள் மாட்டிய கேப்பை நீங்கள் சரியில்லை என்று இரண்டு முறை திருப்பினீர்கள், மூன்றாம் முறைதான் தலையசைத்தீர்கள். அன்று அவள் முகக்கவசத்துக்குள் அழுதாள். எனக்குத் தெரியும், என் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது.

அந்தக் கேப்தான் போய்விட்டது.

திங்கட்கிழமை கோயில் ஊர்வலம். மாட்ஸு தாயாரின் பல்லக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினால், என்னோடு இருபது வருஷம் லாரி ஓட்டிய அ-தெக் சுண்ணாம்பு தடவி இலை சுற்றிய பச்சைப் பாக்கை நீட்டுகிறான். நான் பாக்கை விட்டு மூன்று வருஷம் ஆகிறது என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறதே, அது முழு உண்மை இல்லை, மன்னிக்கவும். இருந்தாலும் அன்று, "வேணாம்டா, பேத்தி கொன்னுடுவா" என்றேன். "பேத்தி அங்க ஜியாயி ஆஸ்பத்திரியில இருக்கா, நீ இங்க இருக்கே. அவ கை அவ்ளோ நீளமா? போடுறா!" என்றான். போட்டேன். வலது பக்கம்தான் போட்டேன். நாக்கு பழைய வழக்கத்தில் இடது பக்கம் தள்ளிவிட்டது. 'டக்' என்றது. துப்பிப் பார்த்தால் பாக்கின் நடுவில் வெள்ளையாகக் கிடக்கிறது. வீட்டுக்கு ஓடி வந்து கழுவினேன். கழுவியதோடு நிறுத்தியிருக்கலாம். மேல்பல் விழுந்தால் கட்டிலுக்கு அடியில், கீழ்ப்பல் விழுந்தால் இரண்டு காலையும் ஒட்டி வைத்து நின்று கூரைமேல் வீச வேண்டும் என்று ஆறு வயதில் பழகியது. விழுந்த கீழ்ப்பல் ஒன்றையும் நான் வேறுவிதமாக அனுப்பியதில்லை. கால் தானாக ஒட்டிக்கொண்டது, கை தானாக வீசிவிட்டது. தகரத்தில் 'டிங்' என்று கேட்ட பிறகுதான், அது என் பல் அல்ல, அவள் அழுது செய்த பல் என்று உறைத்தது.

ஏணி போட்டு ஏறினேன். எங்கள் கூரையில் இல்லை. பக்கத்துக் கூரைக்குக் கையை நீட்டுகிறேன், அங்கே பந்தயப் புறா வளர்க்கும் ஷுயே தலையைத் தூக்குகிறான்.

"என்னய்யா லியாவ், எம்பத்திரண்டு வயசுல புறா திருடக் கெளம்பிட்டியா?"

"புறா இல்லப்பா, பல்லு."

"என் கூரையில உன் பல்லுக்கு என்ன வேலை? வெள்ளையா எது கெடந்தாலும் கல்லுனு நெனச்சு முழுங்கிடும் இதுங்க. சனிக்கிழமை பந்தயத்துல எதுவாவது மெதுவாப் பறந்துச்சு, உன்னச் சும்மா விடமாட்டேன்!"

இந்த வாரம் மட்டும் செவ்வாய்க்குப் பதில் வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்பதால் நேற்று வீட்டில்தான் இருந்தேன், பெய்-ஷான் போன் செய்தாள். "சாப்டீங்களா தாத்தா? எடது பக்கம் கடிக்காதீங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் அந்தக் கேப் விழாம இருக்கணும்." "சரிம்மா" என்றேன். "கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "பட்டாசுப் பொகை." "எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமே வரல தாத்தா. கண்ண மூடினா உங்க வாய்தான் தெரியுது" என்றாள். இந்த வாய் கெட்டால் அவள் வேறு வாய் தேட வேண்டும், இன்னொரு எட்டு மாதம். ஜூலையில் எங்கள் ஊர்ப் பல் மருத்துவமனையில் அவளுக்கென்று வைத்திருக்கும் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே மாஜோங் ஆட்டக் காய்களில் எழுத்தில்லாத வெள்ளைக் காய் ஒன்றை எடுத்து, நாள் முழுதும் அரம் போட்டு ராவி, பல்லாக்கி, மூன்று நொடியில் இறுகும் பசையால் ஒட்டிவிட்டேன். நன்றாகவே இருக்கிறது. தபால்காரர் மட்டும் சற்றுப் பெரிது என்கிறார். ஐந்து டாக்டர்களும் பார்க்கும்போது நீங்கள் விளக்கை மட்டும் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிவிட்டால் போதும். கண்டுபிடித்துவிட்டால், தோற்றது நோயாளி என்று எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் என்று எழுதாதீர்கள்.

மாட்ஸு தாயார் உங்கள் இடுப்பையும் உங்கள் பிள்ளைகளின் பற்களையும் காக்கட்டும். உங்கள் மருத்துவமனையில் எல்லோருக்கும், எனக்கு எச்சில் உறிஞ்சும் குழாய் பிடிக்கும் அந்தப் பெண்ணுக்கும் என் வணக்கம்.

பணிவுடன்,
லியாவ் சுய்-லாய் (கைநாட்டு)

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் பெய்-ஷான் மறுபடி போன் செய்தாள். மனசு தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். "அய்யோ தாத்தா, அது தற்காலிகம்தான்! வெள்ளிக்கிழம அத நானே ஒடச்சு எடுத்துட்டு நெஜக் கேப்ப மாட்டணும். அது பெட்டியில தயாரா இருக்கு. இன்னும் ரெண்டு நாள்தான, விழுந்தாலும் எனக்கு வேலை மிச்சம்" என்றாள். ஆகவே மேலே உள்ள எதுவும் நடக்கவில்லை. வேறு கடிதம் எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்கிறார் தபால்காரர். தயவுசெய்து இடுப்பு வலிவரை படித்து நிறுத்திக்கொள்ளவும்.

இன்னொரு பி.கு.: போனை வைக்குமுன், "எதால ஒட்டுனீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "அய்யோ, வருதான்னு இழுத்துப் பாருங்க தாத்தா!" என்று கத்தினாள். இப்போது இழுத்துப் பார்த்தேன், தபால்காரரும் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. ஆகவே டாக்டரம்மா, முழுக் கடிதத்தையும் படிக்கவும். பதினொன்றரை பஸ்ஸில் நானே இதைக் கையில் கொண்டுவருகிறேன். உங்களிடம் உள்ளதிலேயே மெல்லிய கருவியை எடுத்து வையுங்கள். அந்தக் காயை அவளே எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுங்கள்.