அங்கன கம்பவுண்டரின் ரேஷன் கார்டு

உலகத்திலேயே மருந்து கொடுக்காமல் காய்ச்சலை இறக்கிய ஒரே கம்பவுண்டர் எங்கள் கோவில்பட்டியில்தான் இருந்தார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கே நூற்றிரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது.

எங்கள் தெரு முனையில் இருந்த கிளினிக்கில்தான் அவருக்கு வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது, ஆனால் ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 'அங்கன கம்பவுண்டர்' என்றால் போதும், குழந்தைகூடக் கை காட்டும். காரணம், அவருக்கு வீடு இரண்டு. அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள், நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. கோவில்பட்டியில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். பசுவந்தனையில் அவரைத் தூக்கி வளர்த்த அக்கா. கணவன் போய்ச்சேர்ந்த பிறகு நாலு ஏக்கர் கரிசலையும் ஓர் எருமையையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். கம்பவுண்டர் வாரத்தில் நாலு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. கண்டக்டரே அவருக்கு ஜன்னலோர சீட்டில் துண்டு போட்டு வைப்பார்.

இங்கே இருக்கும்போது 'அங்கன', அதாவது அங்கே, நடந்ததைச் சொல்லியாக வேண்டும் அவருக்கு. சிவப்புத் தண்ணி மருந்தை பாட்டிலில் ஊற்றிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"அண்ணாச்சி, அங்கன நேத்து மழ பெஞ்சிட்டு. பதினோரு துளி. எண்ணிட்டேன்லா. அதுல ஒண்ணு நம்ம எருமை மூக்குல விழுந்துச்சு. அது வானத்த நிமிந்து ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க..."

"கம்பவுண்டரே, வயித்து வலி உசிரு போகுது."

"செத்த பொறுங்க, உளுந்து பூ விட்டத இன்னும் சொல்லல."

பாட்டில் பாதியில் நிற்கும். சட்டைப் பையிலிருந்து உளுந்தம் பூவே வெளியே வரும், கசங்கிப் போய். வயிற்று வலிக்காரர் அதை வாங்கிப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிற இருமல்காரருக்குக் கொடுப்பார். மருந்து வாங்க மறந்து வீட்டுக்குப் போனவர்கள் பல பேர். போனவர்கள் திரும்பி வந்ததில்லை, குணமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

பசுவந்தனையில் போய் இறங்கினால் கதை அப்படியே திரும்பும். "அங்கன இன்னைக்குப் பட்டப்பகல்ல குழாயில தண்ணி வந்துட்டு. ரயில்வே கேட்டு மூடிருந்தான், நின்னேன். கூட்ஸு, அம்பத்தோரு பெட்டி. கடைசிப் பெட்டியில கொடி வச்சிருந்தவருக்குக் கை காட்டினேன். அவரும் காட்டிட்டாரு." இதைக் கேட்கப் பஸ் நிற்கிற இடத்தில் பத்துப் பேராவது நிற்பார்களாம். கண்டக்டர் சொல்லி எனக்குத் தெரியும்.

கையில் எப்போதும் ஒரு தூக்குச்சட்டி. போகும்போது மனைவி வைத்த புளிக்குழம்பு, வரும்போது அக்கா கடைந்த மோர். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் நேரில் சந்திப்பது பொங்கலுக்குப் பொங்கல்தான். மற்றபடி பேச்சுவார்த்தை முழுக்க அந்தத் தூக்குச்சட்டி வழியாகத்தான் நடந்தது.

இந்த மனிதருடைய வாயை அடைத்த பாவம் என்னைச் சேர்ந்தது. எண்பதுகளின் தொடக்கம். நான் ரேஷன் கார்டு எழுதுகிற ஆபீசில் கிளார்க். புதுக் கார்டு கொடுக்கப்போகிறார்கள், ஓர் ஆள் பெயர் ஒரு கார்டில்தான் இருக்கலாம் என்று உத்தரவு. அவர் பெயரோ இரண்டு வீட்டுக் கார்டிலும் இருந்தது. தெருக்காரர் ஆயிற்றே என்று நானே போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, பத்து நாளைக்குள்ள ஏதாவது ஒரு கார்டுல உங்க பேர அடிக்கணும். எதுலன்னு எழுதிக் குடுத்துருங்க."

"அடிக்கணுமா?" என்றார். "அடிச்சா, நான் அந்த வீட்டு ஆளு இல்லன்னுலா தங்கச்சி ஆயிரும்?"

அத்தோடு சரி. அந்த ஒன்பது நாளில் கிளினிக்குக்கு வந்தபோதெல்லாம் கம்பவுண்டர் மருந்தை ஒழுங்காக ஊற்றினார். அளவு கோடு வரைக்கும், சிந்தாமல், பேசாமல். நோயாளிகள் பயந்தே போனார்கள். "அங்கன என்ன விசேஷம், கம்பவுண்டரே?" என்று அவர்களே கேட்டுப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல. சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேள" என்றார். காய்ச்சல்காரர்களுக்குக் காய்ச்சல் ஏறியது. தெருவில் போகும்போது என்னை எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் அவர் மனைவி ஆபீசுக்கு வந்து என்னிடம் ஒரு மனுவை நீட்டினார். "ஏட்டி, இவிய பேர எங்க கார்டுல அடிச்சிரு. மதினி அங்கன ஒத்தையில கெடக்காவ. கார்டுலயும் ஒத்தப் பேரா இருந்தா மனசு என்ன பாடுபடும்? நான் வந்தத இவியகிட்ட சொல்லிராத."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சிவப்பு மையால் அடித்தேன், அப்பாடா என்றிருந்தது.

பத்தாம் நாள் லெட்ஜர்களைச் சரிபார்த்தேன். பசுவந்தனைக் கார்டிலும் அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு. கிராமத்துக் கார்டுகளைப் பார்ப்பது எதிர் சீட்டு கிளார்க். அவரைக் கேட்டேன்.

"மதிய பஸ்ஸுல ஒரு அம்மா வந்தாவ. தம்பிக்குப் பொம்பளப் பிள்ளைக ரெண்டு இருக்கு, அப்பன் பேரு பிள்ளைக கூடத்தான் இருக்கணும், எங் கார்டுல அடிச்சிருங்க, அவங்கிட்ட சொல்லிராதீங்கன்னாவ. அடிச்சிட்டேன்."

ஆக, இரண்டு வீட்டு மனிதர் இரண்டிலும் இல்லை. சர்க்கார் கணக்கில் அப்படி ஓர் ஆளே கிடையாது.

இரண்டு மனுக்களையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்றுதான் நீட்டினேன். கம்பவுண்டர் முதல் மனுவைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மறுபடி முதலாவதைப் படித்தார். கையிலிருந்த பாட்டில் சாய்ந்து, சிவப்பு மருந்து மேஜையெல்லாம் ஓடியது.

"ஏய்யா, எல்லாரும் கேளுங்க," என்று நோயாளிகளைப் பார்த்துக் கத்தினார். "அங்கன என்னைய அடிச்சிட்டாவ. இங்கனயும் அடிச்சிட்டாவ. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்னைய விட்டுக்குடுத்திட்டாவ!" அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ஒன்பது நாள் சேர்த்து வைத்திருந்த செய்தியையெல்லாம் அன்றைக்கே கொட்டினார். டாக்டர் எழுந்து வந்து நின்று கேட்டார்.

"சரி அண்ணாச்சி, எதுல சேக்கட்டும்?" என்றேன்.

"எதுலயும் வேண்டாம் தங்கச்சி. ஒண்ணுல சேத்தா ஒருத்தி விட்டுக்குடுத்தது அழிஞ்சு, இன்னொருத்தி விட்டுக்குடுத்தது மட்டும்லா நிக்கும். இப்படியே இருக்கட்டும்."

அப்படியே இருந்தார். சர்க்கார் அவருக்குச் சீனி தரவில்லை. இரண்டு வீட்டிலும் அவர் காப்பி மட்டும் பாயசமாக இனித்தது. நான் விடாமல் ஒரு படிவத்தை நிரப்பி, முகவரியை மட்டும் காலியாக விட்டு, மேஜை டிராயரில் வைத்திருந்தேன். நான் மாற்றலாகிப் போகும்வரை அவர் கையெழுத்துப் போட வரவே இல்லை.

இப்போது எனக்கும் வீடு இரண்டு. கோவில்பட்டியில் ஒன்று, மகள் இருக்கும் ஊரில் ஒன்று. போன வாரம் ரயிலில் பக்கத்து சீட்டு அம்மா பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அங்கன எங்க பேத்தி நேத்து என்ன செஞ்சா தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் கம்பவுண்டர் அண்ணாச்சி ஞாபகம் வந்தது, மீதியை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.