மேசு போட்ட முந்திரிகை

டென்மார்க்கில் வெயில் போதாது என்று சூரியனோடு கோபித்துக்கொண்டு, ஒரு மாதம் முழுக்க அதற்கு முதுகைக் காட்டித் திரிந்த ஒரே மனிதர் எங்கள் பந்தல் அண்ணைதான். நம்பாதவர்கள் எண்பதுகளின் நடுவில் எஸ்பியர்க்கில் வந்திறங்கிய யாரையும் கேட்டுப் பாருங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். பொய் எழுதுமளவுக்குப் படிக்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் அகதிப் பதிவுக் கடதாசியில் மட்டும்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர் என்பதால் எல்லோருக்கும் பந்தல் அண்ணை. முந்திரிகை என்று நாங்கள் சொல்வது திராட்சையைத்தான். எதைக் கதைத்தாலும் மூன்றாவது வசனத்தில் பந்தலுக்குள் புகுந்துவிடுவார். என் மனுசன் ஒருநாள் பல்வலியில் முனகினார்.

"வேரிலை புழுத் தம்பி. சுத்திவரக் கிண்டினால் சரிவரும்," என்றார் அண்ணை.

அன்றிலிருந்து என் மனுசன் அவருக்கு முன்னால் வாயைத் திறப்பதில்லை.

நகருக்கு வெளியே ஒரு பழைய விடுதியில் எங்களை வைத்திருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதிக் கடிதம் வரும் வரும் என்று ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். அண்ணை மட்டும் நடக்கப் போவார். சித்திரை மாதம் ஒருநாள் போனவர் திரும்பவில்லை. பக்கத்துப் பண்ணையில் பிடிபட்டு நிற்கிறார், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. அவருக்கு மூன்று டேனிஷ் சொல் தெரியும், எனக்கு நாலு. ஆகவே நான் போனேன்.

பண்ணைக்காரி ஏல்சே, எழுபது வயது, கையில் மண்கிளறும் முள்ளோடு நிற்கிறா. அவவுக்குப் பின்னால் செடி வளர்க்கிற நீளமான கண்ணாடி வீடு, அங்கங்கே உடைந்து. அதற்குள் அண்ணை, ஒரு காய்ந்த கொடியைக் கட்டிப்பிடித்தபடி.

"தங்கச்சி, இது சாகேல்லை எண்டு இந்த அம்மாவுக்குச் சொல்லு!"

நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. 'பழசு, நல்லது' என்ற இரண்டு சொல்லையும் நான் கொடியைக் காட்டிச் சொன்னேன். அண்ணை ஒட்டிக்கொண்டு நின்றதால் அவருக்கும் அது பொருந்தியது. ஏல்சே முள்ளைக் கீழே வைத்தா.

கையாலும் கொஞ்சம் இங்கிலீசாலும் அவ சொன்ன கதை இதுதான். கண்ணாடி வீட்டில் நின்ற இருபது கொடியும் அவவின் பாட்டனார் வைன் செய்வதற்காக நட்டவை. குடும்பத்துக் கலியாணம் எல்லாவற்றுக்கும் அந்த வைன்தானாம். தகப்பன் செத்த பிறகு கவனிப்பாரில்லை. ஓகூஸ் நகரில் இருக்கும் தம்பிக்காரனுக்கும் இதில் பாதி உரிமை. அவன் இதை இடித்துப் பன்றிக் கொட்டில் போடப்போகிறான். இலை உதிர்கிற காலத்தில் அளக்க வருவான். அதற்கு முன் குலை தொங்கினால் விடுவான், இல்லையென்றால் இல்லை.

"பண்டிக்கோ?" அண்ணைக்குக் கண் சிவந்துவிட்டது. "நான் உயிரோடை இருக்கேக்கையோ?"

இதில் வேடிக்கை, அவர் ஒரு சொட்டு வைனும் குடியாதவர். மாதா கோயில் பூசையில் சுவாமியார் வைன் பாத்திரத்தைத் தூக்கும்போதும் "என்ன பழமோ" என்றுதான் யோசிப்பார்.

இருபதில் எட்டுக் கொடி உண்மையாகவே செத்திருந்தது. மீதியில் தடி வெட்டிப் பால் பெட்டிகளில் மண் நிரப்பி ஊன்றினார். விடுதியில் அறைக்கு இரண்டு பெட்டி பங்கு. எங்கள் ஜன்னலிலும் இரண்டு. காலையில் வந்து, "பிள்ளையள் நித்திரை கொண்டதுகளோ?" என்று கேட்பார். என்னுடைய சொந்தப் பிள்ளைகளை ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு உரம். வேரைத் திறந்து மீன் கழிவு தாட்டால்தான் பழம் இனிக்குமாம். துறைமுகத்தில் இரண்டு வாளி மீன் தலை வாங்கி பஸ்ஸில் ஏறினார். அடுத்த தரிப்பில் சாரதி இறக்கிவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் அப்படியே. ஒரு தரிப்புக்கு ஒரு பஸ்ஸாக மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். எஸ்பியர்க்கின் கடற்பறவை முழுவதும் பின்னால் வந்து கண்ணாடிக் கூரையில் குந்தியது. ஏல்சே ஒரு கிழமை மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு அவருக்குக் கோப்பி கொடுத்தா. ஆனால் கொடுத்தா.

ஆடியில் கொடிகள் தழைத்து இருபத்திரண்டு சின்னக் குலை விட்டன. ஏல்சே ஒவ்வொன்றையும் படம் எடுத்தா. தம்பிக்குக் காட்ட இது போதும் என்ற சந்தோசத்தில் சினேகிதி வீட்டுக்கு ஒரு கிழமை போனா.

அந்த ஒரு கிழமைதான் வினை. ஊரில் கொப்பை வெட்டி, இலையை உருவி, தண்ணீரை மறித்துப் பிறகு விட்டால் கொடி திரும்பவும் பூக்கும். வருசத்தில் இரண்டு தரம், மூன்று தரம் காய்க்கும். அண்ணை அதையே செய்தார்.

ஏல்சே வந்து பார்க்க இலையும் இல்லை, குலையும் இல்லை. பன்னிரண்டு தடி நிற்கிறது. அவ வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தா.

"ஏனண்ணை இந்த விசர் வேலை பாத்தனீங்கள்?" என்று நான் கத்தினேன்.

"இருபத்திரண்டைக் காட்டினால் சிரிப்பான் தங்கச்சி. நூறு காட்டுவம். மூண்டு மாசம் போதும்."

"இங்கை மூண்டு மாசத்திலை பனி கொட்டுமண்ணை!"

அண்ணை என்னைப் பார்த்தார். பனி என்ற ஒன்றை அவர் அந்த நிமிடம் வரை கணக்கில் எடுக்கவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அம்மாவிட்டைச் சொல்லு, வரும் எண்டு," என்றார் மெதுவாக. நான்கு சொல்லை வைத்து அதை எப்படிச் சொல்வது? ஏல்சேயின் தோளில் கை வைத்தேன். அவ தட்டிவிடவில்லை.

வந்தது. கொடி திரும்பத் தளிர்த்து, பூத்து, எண்ணி எண்பத்தேழு குலை! ஏல்சே திரும்பவும் கோப்பி கொடுத்தா. ஆனால் புரட்டாசி போய் ஐப்பசி வந்தும் குலையெல்லாம் கடலை மாதிரிப் பச்சையாய் இறுகி நின்றது. சூரியன் எட்டு மணிக்கு எட்டிப் பார்த்து நாலு மணிக்கு ஒளித்தது. அப்போதுதான் அண்ணை அதோடு கதைப்பதை நிறுத்தினார்.

அதே கிழமை விடுதியில் களவு தொடங்கியது. காலுக்குப் போடும் கம்பளி மேசு ஒவ்வொன்றாய்க் காணாமல் போனது. ஊர்ச்சனம் பழைய உடுப்புப் பெட்டி பெட்டியாய்த் தந்திருந்தார்கள். ஏல்சேயும் ஒரு பெட்டி தந்திருந்தா. அதில் வந்த மேசு எல்லாம் மாயம். என் மனுசன் வெறுங்காலில் டேனிஷ் வகுப்புக்குப் போனார். எனக்குச் சந்தேகம் வந்து நேரே கண்ணாடி வீட்டுக்குப் போனேன்.

எண்பத்தேழு குலையும் மேசு போட்டிருந்தன. நீலம், மஞ்சள், கோடு போட்டது, ஓட்டை விழுந்தது. என் மனுசனுடையது வாசலோடு முதல் குலையில்.

"கழட்டுங்கோ அண்ணை!"

"குலைக்குக் குளிரும் தங்கச்சி."

"என்ரை மனுசனுக்குக் குளிராதோ?"

"அவர் என்ன, காய்க்கிறவரோ?"

நான் சண்டைக்கு ஆயத்தமாக, கார் வந்து நின்றது. தம்பிக்காரன். நெடுத்த மனிதன், கையில் அளவு நாடா. உள்ளே வந்தவன் நாடாவை இழுத்தபடியே நின்றுவிட்டான். ஒவ்வொரு மேசாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். சிரிப்பானோ, திட்டுவானோ என்று, வீட்டிலிருந்து ஓடிவந்த ஏல்சேயோடு நாங்களும் பின்னால் போனோம்.

நடுவில் ஒரு குலைக்கு முன்னால் நின்றான். சின்னப் பிள்ளையின் மேசு, வெள்ளையில் சிவப்புக் கோடு, குதியில் நீல நூலால் தைத்தது. அந்தத் தையலை விரலால் தடவினான். பிறகு ஏல்சேயைப் பார்த்து, "மூ," என்றான். ஏல்சே தலையாட்டினா. மூ என்றால் அம்மா. என்னுடைய ஐந்தாவது டேனிஷ் சொல்லை அன்றைக்குத்தான் படித்தேன்.

அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். இரண்டு அடி நடந்தான். திரும்பி வந்து குலைக்கே போட்டுவிட்டான்.

அண்ணை பக்கத்துக் குலையில் ஒரு பழம் பிடுங்கிக் கொடுத்தார். தின்றவனுக்கு ஒரு கண் மூடிக்கொண்டது.

"பிழை சூரியனிலை, எங்களிலை இல்லை எண்டு சொல்லு தங்கச்சி!"

"அடுத்த வருசம்," என்று நான் மொழிபெயர்த்தேன். எங்களுடைய கடிதங்களைப் பற்றிக் கேட்ட நேரமெல்லாம் அகதிக் கந்தோர் அதிகாரி சொல்லும் சொல் அது, பிழையில்லாமல் வரும்.

அவன் நாடாவைச் சுருட்டி, "அடுத்த வருசம்," என்றான்.

அடுத்த வருசம் தை மாதத்திலேயே ஏல்சே சொன்னபடி அண்ணை கொடியை வெட்டினார். ஆடி முழுக்க இலையைத் தொடாமல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பால் பெட்டியில் தப்பி வளர்ந்த எட்டுப் பிள்ளையும் செத்தவற்றின் இடத்துக்குப் போயின. புரட்டாசியில் குலை கறுத்தது. முதல் வைனை ஏல்சே அவருக்குத்தான் நீட்டினா. மணந்து பார்த்து, "பழம் நல்லது, வீணாக்கிப் போட்டியள்," என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

என் மனுசனின் மேசு அண்ணையிடமிருந்து கடைசிவரை திரும்பி வரவில்லை. நானும் கேட்டு இறங்கிப் போகவில்லை. இன்றைக்கும் கடையில் மேசு வாங்கினால் ஒரு சோடி கூடுதலாக எடுத்துவிடுவேன். இது யாருக்கு என்று மகள் கேட்பாள்.

குலைக்குக் குளிரும், என்பேன்.