பல்லியர் கேட்ட நாற்காலி

உலகத்தை எத்தனையோ பேரரசர்கள் ஆண்டிருக்கிறார்கள். குதிரை மேல் உட்கார்ந்து ஆண்டவர்கள் உண்டு, யானை மேல் உட்கார்ந்து ஆண்டவர்கள் உண்டு. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு மாடி மெஸ்ஸின் சாப்பாட்டு மேஜையிலிருந்து, ஞாயிறுதோறும் ஆண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கும் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. பேரரசர் என்று சொன்னால் பால்காரனே வீட்டைக் காட்டிவிடுவான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பேரரசருக்கு அலிப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கே அவர் வாய் திறந்து பார்த்தவர்கள் குறைவு. லீவு கேட்கலாம் என்று அதிகாரியின் அறைக்குள் போவார். அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். "ஒண்ணுமில்ல சார், டீ சொல்லவா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர் மேஜையை ஒரு தட்டு தட்டினால் சாம்ராஜ்யம் கிடுகிடுக்கும். கூடவே ஊறுகாய் பாட்டிலும்.

எல்லாம் காலேஜ் தெருவில் பழைய புத்தகக் கடையில் அவர் வாங்கி வந்த ஒரு தடி ஆங்கிலப் புத்தகத்தால் வந்த வினை. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனை இனத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆளாகவே பேசி, பகடை உருட்டி, ஒருவர் நடத்துகிற கதைக்குள் புகுந்து விளையாட வேண்டுமாம். மேல்நாட்டில் பையன்கள் இதை விளையாடி டிராகன்களை வெட்டிச் சாய்க்கிறார்களாம். பேரரசர் வாங்கிய பிரதியில் சண்டை அத்தியாயங்களை எல்லாம் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியவை இரண்டே பகுதிகள். ஒன்று இனங்களைப் பற்றி, மற்றொன்று பேரரசின் நிர்வாகம் பற்றி. ஆகவே எங்கள் விளையாட்டில் கத்தி கிடையாது. வரி, மனு, எல்லைத் தகராறு, பதவி உயர்வு, சபையில் யார் எங்கே உட்காருவது, இவைதான். கிட்டத்தட்ட ஆபீஸ்தான். என்ன, காது மட்டும் கொஞ்சம் நீளம்.

இருபது பக்கம் உள்ள பகடை வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கல்கத்தாவில் அதற்கு எங்கே போவது? பேரரசர் தம்போலா விளையாட்டின் எண் போட்ட காய்களில் இருபதை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக் குலுக்கினார். பைக்குள் கையை விட்டு எடுக்கிற எண்தான் விதி.

இனங்களுக்குத் தமிழில் பெயரும் அவரே வைத்தார். காட்டில் வாழும் நெட்டையான அழகர்கள் நெடுஞ்செவியர். மலைக்கு அடியில் கோடாரியும் தாடியுமாகத் தங்கம் தோண்டும் குள்ளர்கள் சுரங்கர். சதுப்பு நிலத்தில் மீன் பிடித்து வாழ்பவர்கள் பல்லியர். மெஸ்ஸிலேயே குட்டையான சீனு, "நான் நெடுஞ்செவியர்தான்" என்று முதல் நாளே துண்டு போட்டுவிட்டான். ஆறடி உயரமும் மீசை முளைக்கத் தயங்கிய முகமுமாக இருந்த என்னைப் பிடித்துச் சுரங்கர் தலைவனாக்கி, நிதி மந்திரி பதவியும் கொடுத்தார்கள்.

நான் முதலில் கேட்டது வேறு. "எனக்கு இந்தக் காது, தாடி எல்லாம் வேணாங்க. சும்மா மனுஷனா இருந்துக்கறேன்."

பேரரசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மனுஷனாத்தான் திங்கள்லேருந்து சனி வரைக்கும் இருக்கியே. ஞாயித்துக்கிழமையும் எதுக்கு அந்தக் கஷ்டம்? நம்ம ராஜ்யத்துல மனுஷங்க கெடையாது. அது சட்டம்."

அந்தச் சட்டத்தை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை.

இந்த ராஜபோகத்தில் அடிபட்டது அவருடைய கல்யாணம். வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போனால் மனிதர் தலையைக் குனிந்தபடி சொஜ்ஜியைச் சாப்பிடுவார். அதுவரை சரி. "பொண்ணுகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்க" என்று யாராவது பெருந்தன்மையாகச் சொல்லித் தொலைத்தால், ரொம்ப மரியாதையாக, "நீங்க எந்த இனம்?" என்று கேட்பார். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "ஏன் தம்பி, அத விசாரிக்காமயா ஜாதகம் வாங்கினீங்க?" என்று ஒரே கத்தல். "இல்லீங்க, நெடுஞ்செவியரா, சுரங்கரான்னு..." என்று இவர் விளக்கப் போக, அந்த வீட்டில் காப்பிகூட வரவில்லை.

கடைசியில் மெட்ராஸிலிருந்து அவர் அம்மா ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டார். "சாந்த்ராகாச்சில ஒரு பொண்ணு இருக்கு. ரயில்வே குடும்பம், அந்த ஊர்லயே பொறந்து வளந்தவ. இதுதான் கடைசி. இதையும் கெடுத்தேன்னா இனிமே உனக்கு நான் பொண்ணு தேட மாட்டேன், சொல்லிட்டேன்." ஃபோனை வைத்த பேரரசரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மனிதருக்குக் கல்யாண ஆசை நிறையவே இருந்தது. கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி மாஷிமா. வங்காளத்தில் அம்மாவின் அக்கா தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அவர் வீட்டுக்காரம்மா. கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். முந்தானை நுனியில் சாவிக்கொத்து, கையில் செய்தித்தாள், நாக்கில் அரசியல். ஒரு ஞாயிறு நானும் சீனுவும் எல்லைத் தகராறில் கத்திய கத்தலில் அவர் மாடியேறி வந்தார்.

"கீ ஹோச்சே எக்கானே?" என்றார். இங்கே என்ன நடக்கிறது என்று அர்த்தம். பேரரசர் பயந்துபோய், உடைந்த வங்காளத்தில் விளையாட்டை விளக்கினார். மாஷிமா பொறுமையாகக் கேட்டார். திட்டப் போகிறார் என்று நாங்கள் காத்திருக்க, அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இதில் அடக்கப்பட்டவர்கள் யார்?"

"பல்லியர்" என்றோம். புத்தகப்படி அவர்களுக்குச் சபையில் இடம் கிடையாது.

"அப்படியானால் நான் பல்லியர்" என்று உட்காரப் போனார். பேரரசர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பல்லியருக்குச் சபையில் நாற்காலி கிடையாதாம், மோடா என்கிற பிரம்பு முக்காலிதானாம். வாடகைக்கு இருந்துகொண்டு வீட்டுக்காரம்மாவை மோடாவில் உட்கார வைத்த ஒரே ஆள் கல்கத்தாவிலேயே இவராகத்தான் இருப்பார். மாஷிமா சிரித்துக்கொண்டே மோடாவில் உட்கார்ந்தார். அது தோற்றவர் சிரிப்பாக இல்லை.

அடுத்த ஞாயிறே பல்லியருக்குச் சங்கம் வந்தது. அதற்கடுத்து தலைநகருக்கு மீன் வரவு நின்றது. பிறகு முழு அடைப்பு. எங்கள் பக்கம் மந்திரி, தளபதி என்று ஒரு படையே இருந்தும், யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஊரில் அரசியல் பேசாவிட்டால் சாப்பிட்ட மீன் செரிக்காது. நாங்களோ தயிர்சாதக்காரர்கள். மாஷிமா மேஜையைத் தட்டி, "சோல்பே நா! சோல்பே நா!" என்று கோஷம் போட்டார். நடக்காது, செல்லாது என்பதை அந்த ஊர்ச் சுவர்களெல்லாம் அப்படித்தான் சொல்லும். கோஷத்தின் தாளம் பிடித்துப்போய் சீனுவும் சேர்ந்து கத்தினான். தன் ஜாதிக்கு எதிராகத்தான் கத்துகிறோம் என்பதே அவனுக்குப் பாதியில்தான் உறைத்தது.

"ஒரு நாற்காலி கொடு, போராட்டம் முடிந்தது" என்றார் மாஷிமா.

"புஸ்தகத்துல இல்ல" என்றார் பேரரசர்.

பெண் பார்க்கிற ஞாயிறும் வந்தது. சாந்த்ராகாச்சியில் நாலு மணிக்கு இருக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் அன்று சபைக்கு விடுமுறை விட்டிருப்பான். பேரரசர் புதுச் சட்டையும் வேட்டியுமாகச் சபையைக் கூட்டி, வழக்கம்போல் பல்லியர் மனுவைத் தள்ளுபடி செய்து, மத்தியானம் சாப்பிட்டு, தலைசீவி, படியிறங்கினார். கீழே மடக்கு இரும்புக்கதவு சாத்திப் பூட்டியிருந்தது. அதற்கு வெளியே மோடாவைப் போட்டு மாஷிமா உட்கார்ந்திருந்தார். சாவி முந்தானையில்.

"கெராவ்" என்றார் நிதானமாக.

கோரிக்கைக்குச் சம்மதிக்கும்வரை அதிகாரியை நகரவிடாமல் முற்றுகை போடுவதற்கு அந்த ஊர்ப் பெயர் அது. மாஷிமா நேரம் பார்த்துத்தான் அடித்திருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதவு திறந்துவிடும்.

நான் கெஞ்சினேன். "சொல்லித் தொலைங்களேன்! ஒரு நாற்காலிதானே? அங்க ஒரு பொண்ணு பட்டுப்புடவ கட்டிக்கிட்டுக் காத்திருக்கா!"

"முடியாதுப்பா" என்றார். வியர்வையில் புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் முடியாதென்றார்.

"உங்கம்மா கடைசின்னு சொல்லியிருக்காங்க!"

"தெரியும்." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மஞ்சள் பையோடு தம்போலா காய்களைத் தெருவில் வீசியிருப்பேன். கதவு பூட்டியிருந்ததால் தப்பின.

நாலு மணி தாண்டியது. கீழ்வீட்டில் ஃபோன் அடித்தது. மாஷிமா போய் எடுத்து, "அவர் வர முடியாது, கெராவில் இருக்கிறார்" என்று பெண் வீட்டுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு வந்து மோடாவில் உட்கார்ந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நானும் படியில் உட்கார்ந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் வாசலில் டாக்சி வந்து நின்றது. பெண்ணின் அப்பா இறங்கினார். ரயில்வே யார்டில் வேலை, பழைய யூனியன் ஆள். பின்னாலேயே பட்டுப்புடவையில், கையில் டிபன் கேரியரோடு அவர் மகள் சித்ரா. கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீட்டைத் தேடி வரலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "என்ன ஆச்சோன்னு அப்பா கெளம்பினார். இவ்ளோ தூரம் புடவ கட்டியாச்சு, வீட்ல உக்காந்து என்ன பண்றது? நானும் வந்துட்டேன்."

அவள் அப்பா நேராக மாஷிமாவிடம் போனார். இருவரும் வங்காளத்தில் பேசினார்கள். கெராவ் யாருக்கு, கோரிக்கை என்ன, எத்தனை நாளாகப் பேச்சுவார்த்தை என்று வரிசையாக விசாரித்தார். பல்லி, சதுப்பு நிலம், நாற்காலி எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மாஷிமாவுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கோரிக்க நியாயமாத்தான் இருக்கு."

"சார்! நான்தான் மாப்பிள்ள!" என்றார் பேரரசர், கம்பிக்குப் பின்னாலிருந்து.

"தெரியுது தம்பி. ஆனா ஒரு கெராவத் தாண்டி நான் உள்ள வந்தேன்னா, நாளைக்கு யார்டுல ஒருத்தனும் என் மூஞ்சில முழிக்க மாட்டான்."

சித்ரா கதவருகே வந்தாள். பேரரசர் எழுந்து நின்று தன் கால் பெருவிரலைப் பார்த்தார். ஆபீஸ் முகம் வந்துவிட்டது. இதோ 'ஒண்ணுமில்ல, டீ சொல்லவா' என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு மணிக்கு வரேன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாங்க."

"ஒரு வார்த்த சொன்னா இவங்க தொறந்திருப்பாங்களாமே?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் சொல்லல? வர இஷ்டம் இல்லியா?"

பேரரசர் தலையைத் தூக்கினார். "ஐயோ, அப்படி இல்லீங்க. காலைல நாலு மணிக்கே எழுந்து குளிச்சுட்டேன். ஆனா பூட்டி வெச்சு வாங்கினா அது சட்டமா நெலைக்காதுங்க. இன்னிக்கு இவங்க பூட்டி வாங்குவாங்க, நாளைக்கு நெடுஞ்செவியர் பூட்டித் திருப்பி வாங்கிடுவாங்க. பல்லியருக்குக் குடுத்தா யாரும் புடுங்க முடியாத மாதிரி குடுக்கணும். பாவம், அவங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே கெடச்சதில்லீங்க."

அவ்வளவு நீளமாக அவர் ஒரு பெண்ணிடம் பேசி நான் கேட்டதே இல்லை. சித்ரா அதை அப்படியே மாஷிமாவுக்கு வங்காளத்தில் சொன்னாள். மாஷிமா எழுந்து முந்தானை முடிச்சிலிருந்த சாவியால் பூட்டைத் திறந்துவிட்டார்.

பேரரசர் வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை என்பதை இருபக்கமும் பார்த்து உறுதி செய்துகொண்டார். அப்புறம் திரும்பி, மேஜை இல்லாததால் சுவரை ஓங்கித் தட்டினார்.

"இன்று முதல் சபையில் பல்லியருக்கு நாற்காலி உண்டு!"

"ஜிந்தாபாத்!" என்றார் பெண்ணின் அப்பா, பழக்கதோஷத்தில்.

எல்லோரும் மாடிக்கு வந்தோம். டிபன் கேரியரைத் திறந்தால் ஆறிப்போன பஜ்ஜியும் கேசரியும். மெஸ்ஸில் இருந்ததே நாலு நாற்காலி. பேரரசர் தன் நாற்காலியை மாஷிமாவுக்குப் போட்டார். மாஷிமா அதில் உட்கார்ந்து, இருபக்கக் கையையும் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்ரா மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, நானும் வெளையாடறேன்" என்றாள்.

பேரரசர் வாழ்க்கையில் எல்லாவற்றையும் கெடுத்த கேள்வி, அன்றைக்குத்தான் சரியான இடத்தில் வந்தது. "நீங்க... எந்த இனம்?"

"மனுஷி."

நானும் சீனுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பேரரசர் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார். "மனுஷங்களுக்கு என்ன விசேஷ சக்தின்னு இதுல இல்லீங்களே. அந்தப் பக்கத்த மட்டும் கரையான் தின்னுடுச்சு."

"நாலு மணிக்கு வரேன்னா நாலு மணிக்கு வருவோம். அதான் சக்தி."

முதலில் சிரித்தது பேரரசர்தான். "சரிங்க, மனுஷி ஒருத்தர் மட்டும்" என்று சட்டத்தைத் திருத்தினார். உட்கார இடமில்லாமல் அன்றைய சபை முடியும்வரை நின்றுகொண்டே ஆண்டார். அடுத்த தையில் கல்யாணம்.

பிறகு எனக்கு மாற்றல் வந்து சென்னைக்கு வந்துவிட்டேன். பாலிகஞ்ச் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பேரரசரும் சித்ராவும் சாந்த்ராகாச்சிக்குக் குடிபோய்விட்டார்கள். மாஷிமா பக்கத்திலேயே அண்ணன் மகனோடு இருந்தார். அப்போதும் ஞாயிறுதோறும் டாக்சி பிடித்து சாந்த்ராகாச்சி சபைக்கு வந்துவிடுவாராம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து, பசங்கள் எல்லாம் திரையில் ஒரு தட்டு தட்டி இனத்தைத் தேர்ந்தெடுத்தபோதும், இவர்கள் மஞ்சள் பையைக் குலுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு ஞாயிறு காலை ஃபோன் செய்தேன். சித்ராதான் எடுத்தாள். பின்னால் கோஷமும் சிரிப்பும் கேட்டது. வீட்டில் ரொம்பக் கூட்டமா என்று கேட்டேன்.

"ஆமாண்ணா, பக்கத்து வீட்டுப் பெங்காலிங்க எல்லாம் வந்திருக்காங்க. உக்கார எடமே இல்ல, நாலு பேர் தரையில. ஆனா ஒரு நாற்காலிய மட்டும் இவர் யாருக்கும் குடுக்க மாட்டேங்கறார். நிதி மந்திரி லீவுல இருக்கார், வந்துடுவார்னு சொல்றார்."

இவ்வளவு நேரம் இந்த மனிதரைக் கேலி செய்து எழுதிய இந்தச் சுரங்கர் தலைவனுக்கு, அன்று ஃபோனில் ஒரு கேலியும் தோன்றவில்லை. "வரேன்னு சொல்லும்மா" என்றேன்.