ஊமைக்கிள்ளி ஃபாயில் அல்ல

கீழே வருவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இதைச் சொல்கிறவனுக்கு ஆரணி பிரியாணியில் இனி வெறும் குஸ்காதான் கிடைக்கட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எங்கள் ஊரில் கிடையாது. ஆகவே நம்பிப் படிக்கலாம்.

"ஊமைக்கிள்ளி வெறும் ஃபாயில்."

போனில் இந்த மூன்று சொற்களைப் படித்ததும் மாணிக்கவேல், வாயிலிருந்த காபியை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பட்டுச்சேலைக் கடையில் சேலையைத் தொட்டுப் பார்த்து வாங்குகிற வேலை பார்த்தவர் அவர். அவர் புழங்கிய இடத்தில் ஃபாயில் என்றால் ஒரே அர்த்தம்தான். வெள்ளிச் சரட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தகட்டை மயிரிழையாக நறுக்கிச் சுற்றிய போலி ஜரிகை. கல்யாணப் பெண் கட்டுகிற சேலையில் ஃபாயில் இருந்தது என்று சொன்னால் சம்பந்தமே முறிந்துபோகும். ஊமைக்கிள்ளியைப் பார்த்து அந்த வார்த்தையா?

ஊமைக்கிள்ளி யார் என்று சொல்லவில்லையே. 'பதினெட்டாம் மலையின் வாள்கள்' என்று ஒரு மாயாஜாலத் தொடர்கதை, போனில் ஒரு செயலியில் வந்துகொண்டிருக்கிறது. அதில் இரண்டு வாள்வீரர்கள். எரிவாளன் வீசினால் வாளில் தீப்பிடிக்கும், சிரித்துக்கொண்டே வெட்டுவான். ஊமைக்கிள்ளி வாய் திறக்க மாட்டான். ஒரே வெட்டு, அதோடு சரி. இருவரும் மலைக்கு மலை துரத்திக்கொண்டு சண்டை போடுகிறார்கள், யாரும் சாகிற வழியாக இல்லை.

மாணிக்கவேலின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ஜெயக்குமார் புனேயில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். "சாப்டியா?" "சாப்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." "சரி, வெச்சிடறேன்." வாரத்தில் மற்ற நாட்களில் வீட்டில் பேசுகிற ஒரே பொருள் பக்கத்து வீட்டு விசைத்தறி. அது ஓடுகிற அதிர்வில் மாணிக்கவேல் வீட்டில் அரிசியும் உளுந்தும் தானாக அரைபடும் என்று தெருவில் சொல்வார்கள். அது மிகை. உளுந்து மட்டும்தான்.

ஒரு மழை நாளில் அந்தக் கதையைப் படிக்க ஆரம்பித்தார். சண்டை முடிந்து, ஊமைக்கிள்ளி கோட்டை மதிலில் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தான். தட்டுக் கழுவுகிற மாவீரனை மாணிக்கவேல் அதற்குமுன் எந்தக் கதையிலும் கண்டதில்லை. அன்றைக்கே 'ஊமைக்கிள்ளி தாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டு, கதைக்குக் கீழே இருந்த வாசகர் அரங்கத்தில் நுழைந்தார்.

நல்ல ஒற்றுமையான அரங்கம். கருத்தில் ஆயிரம் பிளவு இருந்தாலும், சண்டை என்பதை அத்தனை பேரும் 'சன்டை' என்றே எழுதினார்கள். பகல் முழுக்க ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆனதும் மொத்தமாக வந்து குவிவார்கள். அவர்களில் 'எரிவாளன் பக்தன்' என்று ஒருவன், மாணிக்கவேல் எது சொன்னாலும் மறுப்பான். தினமும் அவனோடு மல்லுக்கட்டுவதற்காகவே மாணிக்கவேல் ஜல்தியாகக் குளித்து, சாப்பிட்டு, நெற்றியில் விபூதி இட்டு, போன் முன் உட்காருவார். ஒரு மனிதனுக்குப் பேச ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பேச ஆள் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

ஃபாயில் என்று சொன்னவன் அந்த பக்தன்தான்.

மாணிக்கவேல் எழுதினார்: "யாரைடா போலி ஜரிகைன்ற? தைரியம் இருந்தா ஆரணிக்கு வா. கல்லுல உரசிக் காட்டறேன், யார் வெள்ளி யார் பிளாஸ்டிக்குன்னு!" எழுதிய வேகத்தில் போன் சூடாகி, மடியிலிருந்த வேட்டி இஸ்திரி போட்டதுபோல் மடிப்புக் கலையாமல் நின்றது.

'பேராசிரியர் புலி' என்ற ஒருவர் மெதுவாக விளக்கினார். "ஐயா, ஃபாயில் திட்டு இல்லை. வைரத்துக்குக் கீழே பளபளப்பான தகடு வைப்பார்கள், கல் மின்னுவதற்கு. அதுபோல் ஒரு பாத்திரம் துலங்க எதிரில் இன்னொரு பாத்திரம். எரிவாளனின் சிரிப்பு நமக்குக் கேட்பதே ஊமைக்கிள்ளி பேசாமல் இருப்பதால்தான். அதற்காகத்தான் இந்த சன்டையே."

மாணிக்கவேலுக்கு முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்ணாடி எங்கேயோ போயிருந்தது. சரி, வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளுமே என்று மைக்கை அழுத்தினார். பக்கத்தில் விசைத்தறி டக்கட டக்கட என்று ஓடிக்கொண்டிருந்தது.

"தப்பு என் மேலதான்!" என்று தறிக்கு மேல் கத்தினார்.

போன் எழுதியது: "தப்பு உன் மேலதான்."

கண்ணாடி கிடைத்து அவர் படித்துப் பார்ப்பதற்குள் பதில் வந்திருந்தது. "உங்கள் மனதைப் புண்படுத்திவிட்டேன். இனி வரமாட்டேன். எரிவாளன் பக்தன்."

சொன்னபடியே அவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மாணிக்கவேல் எது எழுதினாலும் மற்றவர்கள் "ஆமாம் ஐயா", "சரியாகச் சொன்னீர்கள் ஐயா" என்றார்கள். ஆமாம் போடுகிறவனோடு எத்தனை நாள் பேச முடியும்? விபூதி இட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எதிராளி இல்லையென்றால் நாமே ஒன்று செய்துகொண்டால் போயிற்று. 'நிலாச்சுடர், களம்பூர்' என்று புதிதாக ஒரு பெயரில் நுழைந்தார். பெண் பெயர் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கணக்கு.

நிலாச்சுடர் எரிவாளன் கட்சி. காலையில் அவள் ஒரு அடி கொடுப்பாள். சாயங்காலம் தாசன் திருப்பிக் கொடுப்பார். இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. மூன்றாம் நாள், எரிவாளனுக்காக வாதாட என்ன இருக்கிறது என்று யோசிக்கப்போய், அவன் சிரிப்பதே அமைதிக்குப் பயந்துதான் என்று தோன்றியது. அதையே எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "எரிவாளன் செத்துப்போனால், ஊமைக்கிள்ளி யாரிடம் பேசாமல் இருப்பான்?"

அரங்கம் அல்லோலகல்லோலப்பட்டது. பேராசிரியர் புலி அழுதுவிட்டதாகச் சொன்னார். ஒருவர் அதை எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். அரங்கத்தை நடத்துகிற 'மலைக்காவலன்' என்ற அட்மின், "நிலாச்சுடர் அம்மாவைப்போல் ஒரு வாசகர் கிடைக்க எழுத்தாளர் தவம் செய்திருக்க வேண்டும்" என்று எழுதினார்.

தாசனை ஒருவரும் சீந்தவில்லை.

மாணிக்கவேலுக்குத் தன்மேலேயே பொறாமை வந்துவிட்டது. "நேத்து வந்த பொம்பள! உனக்கு இன்னா தெரியும் வாள் சன்டை பத்தி!" என்று தாசன் பெயரில் சீறினார். (அரங்கத்தில் பழகி அவருக்கும் அந்தப் பிழை ஒட்டிக்கொண்டிருந்தது.)

அவ்வளவுதான். பெண்பிள்ளையை இப்படியா பேசுவது என்று அத்தனை பேரும் அவர்மேல் பாய்ந்தார்கள். அதைச் சமாளிக்க, நிலாச்சுடர் பெயரில் "என்னால் தகராறு வேண்டாம், நான் விலகிக்கொள்கிறேன்" என்று எழுதினார். அது நெருப்பில் நெய் வார்த்ததாயிற்று. எழவு வீடு தோற்றது. கடைசியில் அட்மின் வந்தார்.

"தயவுசெய்து இருவரும் போகாதீர்கள். நேரில் பேசிச் சமாதானம் ஆவோம். நான் செய்யாரில்தான் இருக்கிறேன். தாசன் ஐயா விலாசம் அனுப்பினால், ஆரணியில் அவர் வீட்டுக்கே ஞாயிறு வருகிறேன். நிலாச்சுடர் அம்மா களம்பூரிலிருந்து அவசியம் வரவேண்டும்."

"நானும் வருவேன்" என்றார் புலி. "நானும்", "நானும்" என்று முப்பது பேர் கை தூக்கினார்கள்.

மாணிக்கவேல் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே ராஜம்மாள் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ராஜம்மா, ஞாயித்துக்கிழம ஒரு அர மணி நேரம் நீ நிலாச்சுடரா இருக்கணும்."

"இன்னாண்ணா, நாடகமா?"

"நாடகந்தான்னு வெச்சிக்கோ. எரிவாளன்னு ஒருத்தன். அவன உனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"சீ! புருஷன் செத்து பத்து வருஷம் ஆவுது, இப்பப் போயி..."

"அய்ய, அவன் கதையில வர்ற ஆளு! சிரிச்சிகினே வெட்டுவான்."

"சிரிச்சிகினே வெட்டறவன எதுக்குண்ணா எனக்குப் பிடிக்கணும்? பைத்தியமா அவன்?"

"பிடிக்கும்னு சொன்னா போதும். பிரியாணி சொல்லியிருக்கேன்."

ராஜம்மாள் ராட்டையை நிறுத்தினாள். "மட்டனா?"

"மட்டன்."

"பிடிக்கும்" என்றாள்.

சனிக்கிழமை முழுக்கப் பாடம் நடந்தது. எரிவாளனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, அவரையறியாமல் பேச்சு ஊமைக்கிள்ளிக்குப் போய்விடும். அவன் மதிலில் உட்கார்ந்த விதம், கஞ்சி குடித்த விதம், மழையில் நனைந்தபோது யாரும் கேட்காத விதம். ராஜம்மாள் நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். மாணிக்கவேல் அவ்வளவு நேரம் ஒருவரிடம் வாய்விட்டுப் பேசி வருஷக் கணக்காயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பந்தல்காரரிடமிருந்து நாற்காலிகள் எடுத்துவந்து கூடத்தில் வரிசையாகப் போட்டார். பக்கெட் பிரியாணி வந்து இறங்கியது. தெருவே மணந்தது. மகனிடமிருந்து போன் வந்தபோது, "வெச்சிடறேன், வீடு கொள்ளாத கூட்டம் வருது" என்று சொல்லி, வாழ்நாளில் முதல்முறையாக அவரே முதலில் வைத்தார்.

பைக்கில் ஒரே ஒரு ஆள் வந்து இறங்கினான். நாற்பது வயசிருக்கும். கம்பெனிச் சட்டை, கழற்ற மறந்த அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"வணக்கம் சார். என் பேரு தென்னரசு. நான்தான் அட்மினு."

"வாங்க தம்பி, வாங்க! மத்தவங்க பின்னாடி வந்துகினு இருக்காங்களா?"

தென்னரசு வரிசை வரிசையாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தான். "அது... புலி சாருக்கு ஜுரமுங்க. இன்னொருத்தருக்கு மாமியார் சீரியஸ். ஒருத்தருக்கு பஸ்ஸு கிடைக்கலியாம்."

"முப்பது பேருக்குமா?"

"இந்த ரூட்டுல பஸ்ஸு பேஜாருங்க சார்."

அது உண்மையாகையால் மாணிக்கவேல் நம்பினார். அந்நேரம் ராஜம்மாள் பட்டுச்சேலை சரசரக்க உள்ளே நுழைந்தாள். தென்னரசு துள்ளித் திரும்பிக் கைகூப்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நிலாச்சுடர் அம்மாவா! 'யாரிடம் பேசாமல் இருப்பான்'னு எழுதினீங்களேம்மா, அத படிச்சிட்டு ஷிஃப்டுக்கே போவலம்மா நான். சொல்லுங்க, எரிவாளன் உங்களுக்கு ஏன் அவ்ளோ பிடிச்சுது?"

ராஜம்மாள் பிரியாணி பக்கெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தாள்.

"பாவம்பா அவன். ஒண்டியாளா குந்திகினு கஞ்சி குடிக்கிறான். ஒரு ஊறுகா வெக்கக்கூட ஆளில்ல. தட்ட வேற அவனே கழுவறான். நெனச்சா எனக்கு மனசே ஆறல."

"அம்மா... அது ஊமைக்கிள்ளிங்கம்மா."

"எவனா இருந்தா இன்னா? இந்த அண்ணன் நேத்தெல்லாம் அவனப் பத்திதான பேசிகினு இருந்தாரு!"

தென்னரசு மாணிக்கவேலைப் பார்த்தான். மாணிக்கவேல் தரையைப் பார்த்தார். விசைத்தறிக்கு அன்று லீவு.

"தம்பி, நிலாச்சுடரும் நான்தான்" என்றார். "அந்த பக்தன் போனப்புறம் சன்ட போட ஆளில்லாம பூட்ச்சு. வீட்ல குந்திகினு யார்கிட்ட பேசறது? அதான், ரெண்டு பேருலயும் நானே எழுதினேன்."

தென்னரசு மெதுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். அடி வாங்கியவன்போல் இருந்தது அவன் முகம்.

மாணிக்கவேல் பதறிப்போய்த் தண்ணீர் சொம்பை நீட்டினார். "கோச்சிக்காதப்பா. ஒருத்தனே ரெண்டு பேருல வந்தது தப்புதான். ஆனா இது வெளிய தெரிஞ்சா அரங்கத்துல அத்தினி பேர் மூஞ்சியிலயும் நான் எப்டி முழிப்பேன், சொல்லு?"

தென்னரசு சொம்பை வாங்கவில்லை. காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மத்தவங்க எல்லாரும் நான்தாங்க சார், கதைய எழுதறதும் நான்தான்... படிக்கறவங்க ரெண்டு பேரு இருக்காங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."