எங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆடு

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் பல்லாயிரம் ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, எங்கள் கம்பளி ஆலையில் 'முழுச்சங்கிலித் தர மேலாண்மை'யைக் கண்டுபிடித்தது. அதன் தலைமைப் பொறுப்பாளன் என்ற முறையில், தன்னடக்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எங்கள் தொழிலில் ஒரு காட்டுமிராண்டிப் பழக்கம் இருந்தது. பண்ணையிலிருந்து கம்பளிப் பொதி வந்தால், சலவைப் பிரிவில் ஒருவர் தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவுவார். முள் இருக்கிறது, புழுக்கை இருக்கிறது என்று கத்துவார். நூற்புப் பிரிவு சலவையைத் திட்டும். நெசவுப் பிரிவு நூற்பைத் திட்டும். நல்ல மனிதர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தார்கள்.

நான் வந்து அந்த அநாகரிகத்தை ஒழித்தேன். ஒவ்வொரு பொதியோடும் ஒரு வெள்ளைப் பையில் ஒரு கைப்பிடிக் கம்பளி 'மாதிரி'யாக வர வேண்டும். மாதிரியைத் தொட்டுப் பார்த்தால் போதும், பொதியைத் தொடக்கூடாது. சரி, மாதிரியே மட்டமாக இருந்தால் மறுபடி சண்டை வருமே? அதற்கும் வழி கண்டோம். பண்ணையிலேயே மிக மென்மையான ரோமமுள்ள ஓர் ஆட்டைப் பிடித்துவந்து, ஆலைக்குள் தனிக் கொட்டகை போட்டுக் கொடுத்தோம். எந்தப் பொதிக்கும் மாதிரி அவளிடமிருந்துதான். ஊழியர்கள் மரியாதையாகச் 'சீமாட்டி' என்று அழைத்தார்கள். ஆலையில் புகார் என்ற சொல்லே மறந்துபோயிற்று.

இந்தப் பொற்காலத்தில்தான், குழந்தைகள் மருத்துவமனைக்குக் குளிர்காலப் போர்வை வாங்குவதற்காக அங்குள்ள தலைமைச் செவிலி ஆலையைப் பார்வையிட வந்தார். துரதிர்ஷ்டவசமாக, அவள் என் தங்கை.

"அண்ணா, போன குளிருக்கு நீங்க அனுப்பின போர்வையில பிள்ளைங்க உடம்பெல்லாம் தடிப்பு. இந்தத் தடவையும் அப்படின்னா நான் என்ன பண்றது? அதுங்களைச் சொறிய விடுறதா, நடுங்க விடுறதா?"

"உணர்ச்சிவசப்படாதேம்மா. முதல்ல மாதிரியைத் தொட்டுப் பாரு."

தொட்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வெண்ணெயாட்டம் இருக்கே! இது எந்த ஆட்டோடது?"

பெருமை தாங்காமல் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அது ஒரு சிறிய 'நிர்வாகப் பிழை'. அந்த மாதம் ஏகப்பட்ட பொதிகள். எல்லாப் பிரிவும் மாதிரி கேட்டுக் கேட்டு, சீமாட்டியை மொட்டையாகக் கத்தரித்திருந்தார்கள். அவள் வெளிறிய தோலோடு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ பாவமே! இதென்ன கோலம்?"

"கவலைப்படாதீங்க மேடம்," என்று முந்திக்கொண்டார் பொதுமேலாளர். "நம்மகிட்ட போர்வைக்கா பஞ்சம்?"

மருத்துவமனைக்கென்று கட்டிவைத்திருந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, விருது வழங்குகிற பாவனையில் சீமாட்டியின் மேல் போர்த்தினார். நாங்கள் கைதட்டினோம்.

சீமாட்டி ஒரு கணம் திகைத்து நின்றாள். முதுகைச் சுவரில் தேய்த்தாள். பிறகு உதறினாள் பாருங்கள், போர்வை பறந்துபோய்ப் பொதுமேலாளரின் முகத்தில் விழுந்தது. அவர் தும்மிக்கொண்டே கன்னத்தைச் சொறிந்தார். சீமாட்டியோ மூலைக்குப் போய், வெறும் உடம்போடு நடுங்குவதே மேல் என்று நின்றுவிட்டாள்.

"ஆட்டுக்கு என்ன சார் தெரியும்? அது பயிற்சி வகுப்புக்கே வந்ததில்ல," என்றார் நூற்புப் பிரிவுத் தலைவர்.

தங்கை சிரிக்கவில்லை. கீழே கிடந்த போர்வையை எடுத்துத் தன் கழுத்தில் அழுத்திப் பார்த்தாள்.

"அதுக்குப் பொறுக்கல, உதறிட்டுப் போயிடுச்சு. எங்க வார்டுல ஊசி நழுவாம இருக்கப் பிள்ளைங்க கையைக் கட்டையில வச்சுக் கட்டியிருக்கோம், அண்ணா. அதுங்களால உதற முடியாது."

பதவியின் கண்ணியம் கருதி, மாதிரிப் பையை மறுபடி அவளிடம் நீட்டினேன்.

இந்தப் போர்வை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஆனால் அவளுக்கு மேலே ஒரு நிர்வாகி இருக்கிறார், நாகரிகம் தெரிந்தவர். அவர் ஆலைக்கெல்லாம் வரவில்லை. வெள்ளைப் பையை மட்டும் தன் அறைக்கு வரவழைத்து, தொட்டுப் பார்த்து, "பிரமாதம்!" என்றார். மறுநாளே லாரி கிளம்பிவிட்டது.

தரக்குழு அவசரமாகக் கூடி, ஒழுங்கீனத்துக்காகச் சீமாட்டியைப் பதவிநீக்கம் செய்தது. கூடவே ஒரு தீர்மானத்தையும் ஒருமனதாக நிறைவேற்றினோம், முன்மொழிந்தவன் நான்தான். இனிமேல் எங்கள் போர்வையை, உதற முடிகிற எவர் மீதும் போர்த்தக் கூடாது.