தென்மாடக் கோட்டத்தில் பால் பொங்கிய கணக்கு

'பூம்… பூம்…' என்று கொம்பு ஊதிய சத்தத்தில் தெருவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. ஏழாம் எண் வீட்டு வாசலில் அரசாங்கக் கொம்பூதி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் ஏட்டோடு கணக்கர்.

வீட்டுக்குள் பேராச்சி, அடுப்பில் பொங்கி வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் அவள் கணவன் மாசானமும் அன்றுதான் அங்கே வாடகைக்குக் குடிவந்திருந்தார்கள்.

"பொங்கிச்சா?" என்றார் கணக்கர்.

"பொங்கிச்சு."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் பொங்கினா என்னய்யா? தொடைக்கிறவ நான்தான?"

கணக்கர் 'கிழக்கு' என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். மாடவள நாட்டில் அரசாங்கம் பாலை எண்ணத் தொடங்கிய முதல் நாள் அது.

அந்த நாட்டில் ஏழு கோட்டங்கள் இருந்தன. வீடு வாங்குகிறவர்களுக்கும் வாடகைக்கு வருகிறவர்களுக்கும் எந்தக் கோட்டத்தில் வீடு எளிதாக எட்டுகிறது என்று அறிய மன்னர் விரும்பினார். மக்களின் சம்பளத்தையும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சில படித்தவர்கள் சொன்னார்கள். தென்மாடக் கோட்டத்தின் குடியமர்வு அமைச்சர் அறவாழியார் எழுந்து அதை மறுத்தார்.

"ஒருவரின் சம்பளத்தைக் கேட்பது அநாகரிகம். வீட்டுக்காரரிடம் வாடகையைக் கேட்பது அதைவிட அநாகரிகம். நம் மக்கள் புது வீட்டில் பால் காய்ச்சாமல் பாய் விரிப்பதில்லை. எத்தனை பால் பொங்குகிறதோ, அத்தனை குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது. இதைவிடத் தெளிவான அளவுகோல் உலகில் உண்டா?"

மன்னர் உலகத்தைப் பார்த்ததில்லை. ஆகவே, இல்லை என்று தீர்ப்பளித்தார்.

முதல் ஆண்டு தென்மாடக் கோட்டம் ஐந்தாவதாக வந்தது. அமைச்சர் மூன்று நாள் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். மக்கள் ஒரு வீட்டுக்குள் போனால் வெளியே வருவதே இல்லை. உடனே ஆணை பிறந்தது: வாடகைக்கு இருப்பவர் எவரும் ஒரே வீட்டில் ஐந்து மாதத்துக்கு மேல் தங்கலாகாது. 'பிறருக்கும் வாய்ப்பு வேண்டும்' என்று அதன் அடியில் அழகிய எழுத்தில் ஒரு வரி.

வீட்டுக்காரர்கள் இந்த ஆணையை மனமாரப் போற்றினார்கள். ஒவ்வொரு முறை வீடு காலியாகும்போதும் முன்சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்து வாடகையை ஏற்றினார்கள். அட்வான்ஸ் பத்து மாதத்திலிருந்து பதினான்கு மாதமானது. பால் இரண்டு மடங்கு பொங்கியது.

வீடு வாங்குகிறவர்கள் பக்கமும் சோர்ந்துவிடவில்லை. ஓர் அரிசி மண்டி முதலாளி ஒரே தெருவில் பதினான்கு வீடுகளை வாங்கி, பதினான்கிலும் பால் காய்ச்சிப் பூட்டினார். நான்கு மாதம் கழித்து இரட்டை விலைக்கு மைத்துனரிடம் விற்றார். மைத்துனரும் பதினான்கிலும் பால் காய்ச்சிப் பூட்டினார். இருபத்தெட்டுக் குடும்பங்கள் சொந்த வீடு கண்டதாக அரசிதழ் மகிழ்ந்தது. அந்தத் தெருவில் விளக்கு எரிந்ததாக மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாசானம் அஞ்சல்காரன். ஓலை வந்து சேரும்போது அந்த வீட்டில் அந்த ஆள் இருப்பதில்லை. அவர் போன வீட்டைத் தேடிப் போனால் அங்கிருந்தும் போயிருப்பார். ஒரு கல்யாண ஓலையை நான்கு வீடு அலைந்து அவன் கொண்டு சேர்த்தபோது அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

அவனுடைய கால் முறிந்தது அடுத்த வீடு மாறும்போது. மாடிப்படியில் ஆட்டுக்கல்லோடு இறங்கியவன் சறுக்கி விழுந்தான். எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

"நாப்பத்தெட்டு நாளு கெடந்த எடத்துலயே கெடக்கணும். அசைஞ்சா கோணலாக் கூடிரும். அப்புறம் அஞ்சல் பையத் தூக்கிட்டு நடக்கிறத மறந்திர வேண்டியதுதான்" என்றார் அவர்.

சித்திரை மாதம் பிறக்கும்வரை அவனுக்காகப் பையை வைத்திருப்பதாக அஞ்சல் சாவடியில் சொன்னார்கள். அதற்குள் நடக்காவிட்டால் பை வேறு தோளுக்குப் போய்விடும்.

அந்த வாரமே வடமாடக் கோட்டம் பாலில் முந்திவிட்டதாகச் செய்தி வந்தது. அறவாழியார் ஐந்து மாதத்தை நாற்பது நாளாகக் குறைத்தார். ஏன் நாற்பது என்று ஓர் அதிகாரி பணிவோடு கேட்டார்.

"ஐம்பது சோம்பலுக்கு இடம் தரும். முப்பது என்றால் மக்கள் கஷ்டப்படுவார்கள்" என்றார் அமைச்சர்.

பேராச்சி கணக்கரிடம் ஓடினாள். "அய்யா, கால் ஒடிஞ்சு கெடக்கிற எம் புருசனுக்கு மட்டும் ஒரு எட்டு நாளு கூட விடுங்கய்யா."

கணக்கர் ஆணையை இருமுறை படித்தார். "விதிவிலக்கு இருக்கும்மா. சொந்தமா வீடு வாங்கிட்டா நீங்க அசையவே வேண்டாம்."

நாற்பதாம் நாள் கட்டிலோடு அவனை வண்டியில் ஏற்றினார்கள். தெரு முனையில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கட்டுக்குள் ஏதோ நகர்ந்த சத்தம் பேராச்சிக்கே கேட்டது. வைத்தியர் அவிழ்த்துக் கட்டி, ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு நாற்பதாம் நாளும் அப்படியே ஆயிற்று.

"ஏ பேராச்சி, என் காலு நாப்பது வரைக்கும்தான் எண்ணும். அதுக்கு மேல படிக்கல" என்றான் மாசானம்.

அவள் சிரிக்கவில்லை. "வாய மூடிட்டுக் கெடங்க. வாயசைஞ்சா காலும் அசையுது" என்றாள்.

இதற்கிடையே, காய்ச்சப்படும் பால் அதிகமாகிவிட்டதால் குடிக்கப் பால் கிடைக்கவில்லை. கைப்பிள்ளைகள் அழுதன. அமைச்சர் இதையும் கவனிக்காமல் இல்லை. பால் கிடைக்காதவர்கள் அரிசிக் கஞ்சியைப் பொங்கவைக்கலாம், வெள்ளையாக இருந்தால் போதும் என்று சலுகை அறிவித்தார். நன்றி தெரிவிக்கும் ஊர்வலம் ஒன்றும் நடந்தது. அதற்கு வந்தவர்கள் அனைவரும் வீட்டுக்காரர்கள்.

பங்குனியில் அந்த ஆண்டின் பால் கணக்கை முடித்தார்கள். தென்மாடக் கோட்டம் முதலிடம் பிடித்தது. தலைநகரிலிருந்து தலைமை மதிப்பீட்டாளர் பட்டுக் குடையோடு வந்தார். கோட்டத்திலேயே அதிக வீடு கிடைத்த பெண்மணிக்கு வெள்ளிக் குடம் ஒன்றைத் தம் கையால் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏட்டைப் புரட்டினார்கள். பேராச்சியின் பெயர் வந்தது. ஒரே ஆண்டில் எட்டு வீடு.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, அந்த எட்டாவது வீட்டில் அன்று நாற்பதாம் நாள். சித்திரை பிறக்கப் பத்து நாள் இருந்தது. வாசலில் வண்டி நின்றது. அடுத்துக் குடிவரும் குடும்பம் கஞ்சிப் பானையோடு வெயிலில் காத்திருந்தது. வீட்டுக்காரர் ஏற்கெனவே முன்சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் மாசானம் மூச்சையும் அளந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தான். இந்த முறை எலும்பு நேராகப் பிடித்திருக்கிறது என்று வைத்தியர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மதிப்பீட்டாளர் குடத்தை நீட்டினார். பேராச்சி கையை நீட்டவில்லை.

"சாமி, கொடம் வேண்டாம். எனக்கு எட்டு நாளு தாங்க. இவரு காலு கூடிரும். வேலையும் தப்பிச்சிரும்."

"எட்டு நாள்தானே?" மதிப்பீட்டாளர் அமைச்சரைப் பார்த்தார். "கொடுத்துவிடலாமே?"

அறவாழியார் குனிந்து அவர் காதில் பேசினார். "கொடுக்கலாம். ஆனால் இன்று இந்த அம்மாவுக்கு எட்டு நாள் என்றால், நாளை ஊரே கேட்கும். வடமாடம் நம்மைவிடப் பதினொரு பால்தான் குறைவு."

மதிப்பீட்டாளர் நெடுநேரம் தாடியைத் தடவினார். கட்டிலைப் பார்த்தார். மூங்கில் பத்தையைப் பார்த்தார். அவர் இரக்கம் இல்லாதவர் அல்ல. அவர் கண்கள் கலங்கியதைக் கணக்கரும் பார்த்தார். வண்டிக்காரர்கள் கட்டிலின் நான்கு கால்களையும் பிடித்தார்கள்.

"எட்டே நாளு சாமி! நாங்க எங்கயும் போவல, இங்கயே கெடக்கோம்னுதான கேக்கோம்?" என்றாள் பேராச்சி.

மதிப்பீட்டாளர் வெள்ளிக் குடத்தை அவள் கைகளில் மெல்லத் திணித்தார்.

"புரியாமப் பேசறியேம்மா! எல்லாரும் உன்னை மாதிரி ஒரே வீட்டிலேயே இருந்துட்டா, நாட்டில் ஒருத்தருக்கும் வீடு கிடைக்கலைன்னு ஆயிடாதா?"